கவிழ்ந்த கழுத்தை நிமிர்த்துவதா, எவ்வளவு நிமிர்த்துவது: எங்கள் முன்னால் இருந்த வழிகள்

என் அண்ணன் வாடிக்கையாளர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். புரசைவாக்கத்தில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார். கடைசி மூன்று வருஷமாகத் தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டு இருந்ததால், வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது முழங்காலுக்குக் கீழேதான். பெரம்பூரில் பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம் "29சி வருதா கொஞ்சம் பாருங்க" என்று கேட்க வேண்டும். டீயை ஸ்ட்ரா போட்டுத்தான் குடிப்பார். தாடைக்கு அடியில் தோல் மடிந்து, வேர்த்து, சித்திரை மாதத்தில் புண்ணாகிவிடும். அண்ணி தினமும் ராத்திரி மெல்லிய காட்டன் துணியைச் சுருட்டி அந்த இடுக்கில் வைப்பார். சவரம் செய்ய வரும் சலூன்காரர் தரையில் உட்கார்ந்து, கீழிருந்து பார்த்துத்தான் கத்தியை வைக்க முடிந்தது.

ஆபரேஷன் செய்யலாமா, செய்தால் எது, எங்கே என்று ஒன்பது மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இதே நிலைமையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போன தங்கை. முதல் நாலு மாதம் எல்லோரிடமும் "எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கழுத்து ஏன் கவிழ்ந்தது, எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, விறைத்துப்போய் வளைந்ததா, தளர்ந்துபோய் வளைந்ததா, அவர் தினமும் எதைப் பார்த்தாக வேண்டும் என்பதெல்லாம் முதலில் தெரிய வேண்டும். இது தெரியாமல் இரண்டு ஆஸ்பத்திரியை ஒப்பிட்டால், ஒருவர் சொல்லும் ஆபரேஷனும் இன்னொருவர் சொல்லும் ஆபரேஷனும் வேறு வேறு என்பதே நமக்குப் புரியாது.

விறைப்பா தளர்ச்சியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் தலை மெல்ல இறங்கிப் படுக்கையைத் தொட்டால், வளைவு இளகக்கூடியது. தொடாமல் அந்தரத்திலேயே நின்றால், எலும்பு ஒட்டி விறைத்துவிட்டது. அண்ணனுக்கு மூன்று தலையணை அடுக்கி வைத்தாலும் தலைக்கும் தலையணைக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும். தானாக இறங்கினால்தான் கணக்கு. யாரும் தலையைப் பிடித்து அழுத்திப் பார்க்கக் கூடாது.

இந்த ஒரு சோதனையே பாதி முடிவை மாற்றிவிடும். ஓ.பி. வரிசையில் எங்களோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், எழுபது வயது இருக்கும். அவருக்கும் தலை கவிழ்ந்துதான் இருந்தது. கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். பார்க்க அண்ணன் மாதிரியேதான் இருந்தது. ஆனால் அவர் படுத்தால் தலை நேராகப் படுக்கையில் படிந்துவிடும். சாயந்திரம் ஆக ஆகக் கண் இமையும் சரிந்தது. ரத்தப் பரிசோதனையில் மயஸ்தீனியா கிரேவிஸ் என்று தெரிந்தது. நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத நோய் அது. மாத்திரையிலேயே அவர் தலை தூக்க ஆரம்பித்தார். பார்க்கின்சன், தசை நோய்கள், மோட்டார் நியூரான் நோய் என்று தலையைத் தொங்கவைக்கும் காரணங்கள் இன்னும் இருக்கின்றன. தலை தளர்ந்து தொங்குகிறது என்றால், எலும்பு டாக்டரிடம் தேதி வாங்குவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

அண்ணனுடையது ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைடிஸ், முதுகெலும்பில் அழற்சி வந்து எலும்புகள் மெல்ல ஒட்டிப்போகும் வாத நோய். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஏ.எஸ். என்பார்கள். இருபத்து மூன்று வயதில் இடுப்பு வலியாக ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் உடம்பு இறுகிக் கிடக்கும், நடமாடினால் இளகும். மிஷினில் குனிந்து உட்காருவதால் வரும் வலி என்றே நாங்கள் எல்லோரும் பத்து வருஷம் நினைத்தோம். ஓய்வெடுத்தால் கூடி, வேலை செய்தால் குறையும் முதுகுவலி சாதாரண வலி இல்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அழற்சி வந்து வந்து போன இடங்களில் எலும்பு வளர்ந்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, எக்ஸ்ரேயில் மூங்கில் கழி மாதிரி தெரியும்.

அந்த மூங்கில் சுலபமாக முறியும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. அண்ணன் ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கிச் சுவரில் தலை இடித்தார். பெரிய அடி இல்லை. ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணுமில்லை, தைலம் தடவுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் தலை வேகமாகக் கவிழ்ந்தது. ரொம்பக் காலம் கழித்து சி.டி. எடுத்தபோதுதான், கழுத்தின் அடிப்பகுதியில் எலும்பு முறிந்து அப்படியே வளைந்து கூடியிருப்பது தெரிந்தது. கழுத்தின் கடைசி எலும்பை சாதாரண எக்ஸ்ரேயில் தோள்கள் மறைத்துவிடும். அதனால் ஏ.எஸ். உள்ள ஒருவர் லேசாக விழுந்து கழுத்தில் புதிதாக வலி வந்தாலோ, தலை திடீரென்று முன்னைவிடக் கவிழ்ந்தாலோ, சி.டி. கேட்டு வாங்குங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தட்டையாகப் படுக்கவைத்துக் கழுத்தை நேராக்க விடாதீர்கள். எப்போதும் எந்த வளைவில் இருக்கிறாரோ அதே வளைவில் தலையணை கொடுத்துத் தாங்க வேண்டும். கழுத்தை நீவி நிமிர்த்துகிறேன் என்று வருபவர்கள் பக்கமே போகக் கூடாது. எங்களுக்கும் அப்படி ஒரு விலாசத்தை அக்கறையோடு கொடுத்தார்கள். போகாமல் இருந்ததற்கு இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

ஆபரேஷனே வேண்டாம் என்பதும் ஒரு முழுமையான வழிதான், அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். அழற்சி இன்னும் அடங்காமல் இருந்தால் மருந்தும் பிசியோவும்தான் முதலில். வலி மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கு அடாலிமுமாப் போன்ற, அழற்சியைக் கிளப்பும் பொருளையே தடுக்கும் பயோலாஜிக் ஊசிகள் இருக்கின்றன. 2014 கடைசியில் இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு விலை முன்னைவிட இறங்கியது. ஊசி போட்டால் வலியும் இறுக்கமும் குறையும். ஆனால் ஏற்கனவே ஒட்டிய எலும்பை எந்த ஊசியும் பிரிக்காது. "ஊசி போட்டா நிமிர்ந்துடுமா?" என்று அண்ணி கேட்டபோது, வாத நோய் டாக்டர் தயங்காமல் "இல்லைம்மா, இனிமே வளையறதைத்தான் தடுக்கும்" என்றார். அந்த நேர்மைக்கு நான் மனதில் கும்பிட்டேன். எதிரே இருப்பதைப் பார்க்கப் ப்ரிஸம் கண்ணாடி உண்டு. தளர்ந்த கழுத்துக்குக் காலர் கொஞ்சம் உதவும். ஒட்டிய கழுத்துக்குக் காலர் போட்டால் தாடைப் புண்தான் பெரிதாகும்.

நம் ஊரில் இதோடு டி.பி.யையும் மறக்கக் கூடாது. முதுகெலும்பு டி.பி.யும் கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தைக் கூனாக்கும். அதற்கு மருந்துதான் முதல் சிகிச்சை. முதுகெலும்பு டி.பி. உள்ளவர்களைப் படுக்கையில் கிடத்தாமல் நடமாடவிட்டே மாத்திரையால் குணமாக்கலாமா என்று பார்த்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் சென்னையில்தான் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் அதில் பங்கு வகித்தது. இன்னொரு பக்கம், உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி.யை பயோலாஜிக் ஊசி எழுப்பிவிடலாம். அதனால் ஊசிக்கு முன்னால் டி.பி. பரிசோதனை கட்டாயம். அவசரத்தில் யாராவது அதைத் தாண்டிப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஹேலோ போட்டு இழுப்பது. மண்டையைச் சுற்றி வளையம் மாட்டி, சின்னச் சின்ன திருகுகளால் பிடித்து, கயிறு கட்டி, எடையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுப்பார்கள். 1950களின் கடைசியில், போலியோவால் கழுத்துத் தசை செயலிழந்தவர்களுக்குக் கழுத்தை அசையாமல் பிடிக்க இந்த வளையத்தை அமெரிக்க டாக்டர்கள் பயன்படுத்தி எழுதினார்கள். பாதி இளகும் வளைவுகளுக்கும் சிறு வயதுக்காரர்களுக்கும் இது நல்ல வழி. ஆள் விழித்திருக்கும்போதே மெதுவாக நடப்பதால், கையில் மரமரப்பு வந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே எடையைக் குறைத்துவிடலாம். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், திருகு துளைத்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், கிடைத்த நிமிர்வைத் தக்கவைக்கக் கடைசியில் எலும்பில் ஸ்க்ரூவும் கம்பியும் (ராடு) போட்டுப் பிடிக்கும் ஆபரேஷனும் வேண்டும். அண்ணன் மாதிரி முழுதாக ஒட்டியவர்களுக்கு இழுத்துப் பயனில்லை. ஒட்டாத இடம் எதுவும் இல்லை, ஒரே எலும்பை எங்கே இழுப்பது?

வயதால் டிஸ்க் தேய்ந்து வளைந்தவர்களுக்கும், முன்பு கழுத்தின் பின்பக்கம் ஆபரேஷன் செய்து தாங்கும் எலும்பை எடுத்ததால் பிறகு கவிழ்ந்தவர்களுக்கும் வேறு வழி. முன்பக்கமாகப் போய் டிஸ்க்குகளை எடுத்து, அந்த இடத்தில் கூண்டு (கேஜ்) என்ற சின்னத் தாங்கியை வைத்து இடைவெளியைத் தூக்கி, பிறகு பின்பக்கம் ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். ஒரே எலும்பை உடைப்பதைவிடப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவதால் தண்டுவடத்துக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் முன்பக்கம் போனால் விழுங்குவதில் சிரமமும் குரல் கரகரப்பும் வரலாம், வயதானவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு விலையும் உண்டு. இதுவரை திரும்பிக்கொண்டிருந்த கழுத்து, ஸ்க்ரூ போட்ட பிறகு அந்த அளவுக்குத் திரும்பாது. அண்ணனுக்கு அந்த இழப்பு இல்லை, அவர் கழுத்து திரும்பி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தாடை நெஞ்சில் முட்டியிருப்பவருக்கு முன்பக்கமாகக் கத்தி வைக்க இடமும் இல்லை.

ஆக எங்களுக்கு மிஞ்சியது ஆஸ்டியாட்டமி, எலும்பையே வெட்டி நிமிர்த்துவது. எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கழுத்தில் ஏழு எலும்பு, சி1 முதல் சி7 வரை. அதற்குக் கீழே நெஞ்சுப்பகுதி டி1இல் ஆரம்பிக்கும். பெரும்பாலும் சி7க்கும் டி1க்கும் நடுவில்தான் கை வைப்பார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு தமனி இரண்டு பக்கமும் கழுத்து எலும்புத் துளைகள் வழியாக ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சி6இல்தான் துளைக்குள் நுழைகிறது, சி7இல் வெளியிலேயே இருக்கிறது. தண்டுவடம் போகும் பாதையும் அங்கே விசாலம். சிலருக்குத் தமனி சி7இலேயே நுழைந்திருக்கும், அதனால் ரத்தக்குழாய் ஸ்கேன் பார்க்காமல் வெட்டக் கூடாது.

வெட்டுவதில் இரண்டு விதம். பழைய முறையில் பின்பக்க எலும்பை எடுத்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். முன்பக்கம் எலும்பு விரிசல் விட்டுத் திறந்துகொள்ளும். 1958இல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர் இப்படிச் செய்ததை எழுதினார். 1972இல் சிம்மன்ஸ் என்பவர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதினார். நோயாளியை உட்காரவைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே செய்தார்கள். கையை அசை, காலை அசை என்று கேட்டுக்கொண்டே நிமிர்த்துவதுதான் அன்றைக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. இப்போது மயக்கம் கொடுத்துவிட்டு, தண்டுவடத்தில் சிக்னல் போகிறதா என்று கருவி வழியாக நொடிக்கு நொடி பார்க்கிறார்கள். இன்னொரு முறையில், எலும்பில் பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் கூர்மையாகவும் ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்து, அந்த இடைவெளியை மூடுவார்கள். டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டியபோது அண்ணன் உடனே சொன்னார்: "பிளவுஸ்ல டார்ட் பிடிக்கிற மாதிரி சார். பிடிச்ச பக்கம் சுருங்கும், துணி அந்தப் பக்கம் வளையும்." டாக்டர் சிரித்துவிட்டு, இனி எல்லோருக்கும் இப்படியே சொல்கிறேன் என்றார்.

தையல் மொழியிலேயே சொன்னால், முதல் முறையில் முன்பக்கச் சீம் பிரிகிறது. அங்கே உணவுக்குழாயும் ரத்தக்குழாய்களும் இழுபடும், எலும்பு சேரவும் இடைவெளி இருக்கும். இரண்டாவது முறையில் எலும்பும் எலும்பும் நெருங்கி உட்காருவதால் நன்றாகச் சேரும், உறுதியும் அதிகம். ஆனால் ஆபரேஷன் நேரமும் ரத்த இழப்பும் கூடும். சி7க்கு மேலும் கீழும் வெளியே வரும் நரம்புகள் இரண்டும் ஒரே துளையில் நெருங்கி வந்துவிடும். இதில் எட்டாவது கழுத்து நரம்பு, விரல்களை மடக்கிப் பிடிப்பதற்கும் சுண்டுவிரல் உணர்ச்சிக்கும் உள்ளது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் பேசப்படும் சிக்கல் அந்த நரம்பு நசுங்குவதுதான். பலருக்கு மாதக்கணக்கில் தேறும், எல்லோருக்கும் முழுதாகத் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பலருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய விலை. கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டும் ஆளுக்கு அது பிழைப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அண்ணன் தன் வலது கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் இன்னும் கீழே, டி2 அல்லது டி3இல் வெட்டலாமா என்று கேட்டோம். அங்கிருந்து வரும் நரம்புகள் விரல்களை இயக்குவதில்லை. வளைவே மேல்முதுகில் இருப்பவர்களுக்கு அது நல்ல இடம். அண்ணனுக்கு வளைந்து கூடியிருப்பது கழுத்தின் அடியில். கீழே வெட்டினால் விலா எலும்புகளும் குறுக்கே வரும், வளைவு இருக்கிற இடத்தில் வளைவு அப்படியே இருக்கும் என்றார்கள். ஒட்டுமொத்த முதுகும் கூனிப் போனவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு இடுப்புப் பகுதியில் ஓரிடத்தில் வெட்டி 30, 40 டிகிரி நிமிர்த்தினாலே பார்வை மேலே வந்துவிடலாம், கழுத்தைத் தொடவே தேவைப்படாது. தண்டுவடம் அவ்வளவு கீழே வருவதில்லை என்பதால் அபாயமும் குறைவு. இடுப்பு மூட்டு ஒட்டிப்போய் நிமிர முடியாமல் இருந்தால், மூட்டு மாற்றத்தை எப்போது செய்வது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கழுத்தை மட்டும் படம் எடுத்துவிட்டுக் கழுத்து ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், தலையிலிருந்து இடுப்பு வரை நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே எங்கே என்று கேளுங்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு நிமிர்த்துவது?

ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பக்காவா நேராக்கிடலாம்" என்றார்கள். சந்தோஷமாக வெளியே வந்தோம். அடுத்துப் பார்த்த டாக்டர்தான் முதலில், "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். டெய்லர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கழுத்து திரும்பாத ஆளை முழுசா நேராக்கிட்டா, ஊசி எங்க இருக்குன்னு எப்படிப் பார்ப்பீங்க?"

நாங்கள் யோசித்தே பார்க்காத ஒன்று. கழுத்து அசையும் நமக்கு நேராக நிற்பதும் குனிந்து பார்ப்பதும் ஒன்றுக்கொன்று தடை இல்லை. ஒட்டிய கழுத்துக்கு ஒரே ஒரு கோணம்தான், அதை ஆபரேஷன் மேஜையில் தீர்மானித்துவிட்டால் ஆயுளுக்கும் அதுதான். அதிகமாக நிமிர்த்தினால் படிக்கட்டு தெரியாது, தட்டில் இருக்கும் சோறு தெரியாது, கடைக்கு வரும் குழந்தையின் முகம் தெரியாது. புருவத்திலிருந்து தாடைக்கு ஒரு கோடு போட்டு, அது செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். சுழி என்றால் நேர்ப்பார்வை. கழுத்து விறைத்தவர்களுக்குச் சுழியைவிட 10 முதல் 20 டிகிரி வரை குனிந்த பார்வையே வாழ்க்கைக்கு வசதி என்று இன்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் நாங்களே அளந்தோம். அண்ணனைக் கதவு நிலை ஓரமாக, முட்டி மடங்காமல் நிற்கவைத்தோம். பாபினில் நூலைக் கட்டி நிலையிலிருந்து தொங்கவிட்டேன், அதுதான் எங்கள் தூக்குக்குண்டு. பக்கவாட்டில் போனில் போட்டோ எடுத்து, புருவத்துக்கும் தாடைக்கும் கோடு போட்டு, பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தேன். 48 டிகிரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் அளந்ததும் கிட்டத்தட்ட அதேதான். பிறகு அண்ணனை மிஷினில் உட்காரவைத்து, ஊசி தெரிய எவ்வளவு குனிவு வேண்டும், மிஷினை எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு குறைவான குனிவு போதும் என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். கண்ணை மட்டும் உருட்டிக் கீழே பார்ப்பதையும் கணக்கில் சேர்த்தோம். மிஷினை நாலு விரற்கடை உயர்த்தினால் 15 டிகிரி போதும் என்று வந்தது. அதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தோம். அவர் அதை ஃபைலில் வைத்துக்கொண்டார். ஓட்டுநராக இருந்தால், ஆசிரியராக இருந்தால், வீட்டில் அடுப்படியில் நிற்பவராக இருந்தால் இந்த எண் மாறும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் இந்தக் காகிதத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அபாயங்களை மறைக்காமல் சொல்கிறேன். உயிராபத்து உண்டு. தண்டுவடம் பாதித்துக் கைகால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. தொற்று, ஸ்க்ரூ பிடி விடுவது, எலும்பு சேராமல் போவது, ஸ்க்ரூ முடியும் இடத்துக்குக் கீழே மறுபடி வளைவது எல்லாம் நடப்பவைதான். மயக்கம் கொடுப்பதே ஒரு தனி சவால். தாடை நெஞ்சில் இருந்தால் வாய் வழியாகக் குழாய் போடுவது கஷ்டம், அவசரத்துக்குத் தொண்டையில் துளை போடவும் இடம் கிடையாது. அதனால் ஆள் விழித்திருக்கும்போதே கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்குவார்கள். ஏ.எஸ்.இல் விலா எலும்பும் இறுகியிருப்பதால் நுரையீரல் சோதனை முன்கூட்டியே வேண்டும். சிகரெட் பிடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும், எலும்பு சேர்வதை அது கெடுக்கும்.

இப்போதுதான் எங்கே என்ற கேள்வி. சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ராயபுரம் பக்கம் ஸ்டான்லி, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை என்று அரசுப் பக்கம் வழிகள் இருக்கின்றன. கிரீம்ஸ் ரோடு தொடங்கிப் போரூர் வரை தனியார் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும், முதுகெலும்புக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனையும் எட்டாத தூரம் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஸ்க்ரூ, ராடு, நரம்பு கண்காணிப்புக் கருவி, ஐ.சி.யூ. நாட்கள் எல்லாம் அதில் அடங்குமா என்று காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியாரில் மொத்தச் செலவு பல லட்சம் ஆகும். எங்களுக்குச் சொன்ன மதிப்பீடுகளே ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இருந்தன. தூரத்து ஊரில் செய்தால், அப்புறம் மாதா மாதம் செக்கப்புக்குக் காலரோடு ரயிலில் போய்வருவதையும், கூட இருக்க ஆள் யார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆனால் கட்டடத்தைவிட குழுதான் முக்கியம். இதே இடத்தில், இதே மாதிரி ஒட்டிய கழுத்தில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டோம். கோபப்பட்டவர்களும் உண்டு, உட்காரவைத்து விவரமாகச் சொன்னவர்களும் உண்டு. நரம்பு கண்காணிப்பு இல்லாமல் செய்வீர்களா, இப்படிப்பட்ட தொண்டையில் குழாய் போட்டுப் பழகிய மயக்க டாக்டர் அன்று இருப்பாரா, பாதியில் சிக்னல் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "கோணம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு அதோட நிறுத்திடுவேன்" என்று ஒருவர் சொன்னார். அண்ணன் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

சி7இல் டார்ட் பிடிக்கும் முறைதான் செய்தார்கள். காலையில் உள்ளே போனவர் வெளியே வரச் சாயந்திரம் ஆனது. அண்ணி அந்த நேரம் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்று மாதம் கெட்டிக் காலர். நாங்கள் பயந்தபடியே வலது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின, பிடிமானமும் குறைந்தது. முதல் ஆறு வாரம் கத்தரிக்கோலைத் தூக்கவே முடியவில்லை. பிசியோவில் கொடுத்த ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அழுத்திக்கொண்டிருப்பார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. பிடிமானம் பெரும்பாலும் வந்துவிட்டது, சுண்டுவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. கனமான துணியை உதவிக்கு இருக்கும் பையன்தான் வெட்டுகிறான். பார்வை 14 டிகிரியில் நின்றது.

ஆபரேஷன் முடிந்து கடை திறந்த முதல் வாரம், ஒரு அம்மா பிளவுஸ் துணியோடு வந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "வாங்கம்மா, புதுசா வர்றீங்களா?" என்றார். அவர் திகைத்துப்போய் நின்றார். அண்ணன் மெதுவாகக் கண்ணை இறக்கி அவர் செருப்பைப் பார்த்தார். "அய்யோ அக்கா, நீங்களா!" என்று எழுந்து நின்றுவிட்டார். மூன்று வருஷமாக வருகிறவர் அவர். மிஷின் காலுக்கு அடியில் தச்சர் வைத்துக்கொடுத்த நாலு மரக்கட்டைகளும் அப்படியேதான் இருக்கின்றன. போன வாரம் அண்ணன் இன்னும் அரை விரற்கடை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்.